நான்கு சக்கர இயக்கம் இணையாமை

நான்கு சக்கர இயக்கம் இணையாமை என்பது, ஓட்டுநர் நான்கு சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுத்த பின்னும் இன்ஜினின் விசை முன்சக்கரங்களுக்குச் சென்று சேராத பழுதைக் குறிக்கும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் 'பார்ட் டைம்' வகை அமைப்புடைய பிக்கப் சரக்குந்துகளிலும் ஜீப்புகளிலும் இது காணப்படுகிறது. சாதாரணச் சாலையில் இவ்வாகனங்கள் பின்சக்கர விசையால் மட்டுமே ஓடுவதால், இப்பழுது மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கலாம். வண்டி சேற்றிலோ மணலிலோ சிக்கும் நாளில்தான் பலருக்கு அது தெரியவருகிறது.

இப்பழுதுக்கு விலை உயர்ந்த கியர் பெட்டியே காரணம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் ஒரு ஃபியூஸ், வெடித்த ரப்பர் குழாய், துருப்பிடித்த இணைப்பு, தவறான இயக்கமுறை ஆகியவற்றில் ஒன்றும் காரணமாக இருக்கலாம். எனவே ஓட்டுநரின் கையிலிருந்து சக்கரம் வரை விசையும் கட்டளையும் செல்லும் வழியை வரிசையாகச் சோதித்து, அறுந்த இடத்தைக் கண்ட பின்னரே பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

திருத்தணிப் பகுதியும் நான்கு சக்கர இயக்கமும்

திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள மலைக்கோயில் நகரம். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. முருகனின் ஆறுபடை வீடுகளில் ஒன்றான இக்கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. வாகனங்கள் செல்லத் தார்ச்சாலையும் உண்டு. அந்த மலைச்சாலையில் ஏறுவதற்கு நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. அதன் தேவை மலைக்குக் கீழேதான் எழுகிறது: கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை, ஏரிக்கரை, செங்கல் சூளைக்குச் செல்லும் களிமண் வழி, கல்குவாரிச் சரிவு, நந்தி ஆற்றிலும் கொசஸ்தலை ஆற்றிலும் உள்ள மணற்பாங்கான இடங்கள் ஆகியவை அத்தகையவை.

இப்பகுதியின் பருவநிலையும் இப்பழுதோடு தொடர்புடையது. கோடையில் திருத்தணியில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். அந்த வெப்பத்தில், இன்ஜினுக்கு அருகில் செல்லும் ரப்பர் குழாய்கள் விறைத்து வெடிக்கின்றன. அடுத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. கோடை முழுவதும் பயன்படாமல் கிடந்த அமைப்பு, முதல் சேற்றில் முதன்முறையாக அழைக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் திருவள்ளூர் மாவட்டம் பாதிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் பால், மருந்து, மீட்புப் பொருள்கள் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் வண்டியில் இப்பழுது இருந்தால், அது வெறும் பராமரிப்புக் குறையாக நின்றுவிடுவதில்லை.

நான்கு சக்கர இயக்கமுடைய பிக்கப் வண்டிகள் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் இசுசு நிறுவனத்தின் ஆலை 2016இல் திறக்கப்பட்டது. அங்கு தயாராகும் டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், குமிழைத் திருகி நான்கு சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் மின்னணு வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய ஜீப்புகள் நெம்புகோல் வகையைச் சேர்ந்தவை.

அமைப்பு இயங்கும் முறை

இன்ஜினின் விசை முதலில் வழக்கமான கியர் பெட்டிக்கு வருகிறது. அதன் பின்னால், பட்டறைகளில் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' எனப்படும் இரண்டாவது பெட்டி உள்ளது. இதிலிருந்து ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் பின் அச்சுக்கும், இன்னொன்று முன் அச்சுக்கும் செல்கின்றன. இந்தப் பெட்டியில் பொதுவாக மூன்று நிலைகள் உண்டு.

2 ஹெச்: விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் செல்லும். தார்ச்சாலைக்கு உரியது.

4 ஹெச்: பெட்டிக்குள் ஒரு ஸ்லீவ் நகர்ந்து, முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டும். மழைச் சேறு, மணல், சரளை ஆகியவற்றுக்கு உரியது.

4 எல்: இரு ஷாஃப்ட்டுகளும் பூட்டப்படுவதோடு, கூடுதல் கியர் வழியாக வேகம் குறைந்து திருப்புவிசை பெருகும். பல வண்டிகளில் இப்பெருக்கம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆழ்ந்த சேற்றுக்கும் செங்குத்தான சரிவுக்கும் உரியது.

முன் ஷாஃப்ட் சுழன்றால் மட்டும் போதாது. 2 ஹெச் நிலையில் முன் அச்சின் உறுப்புகள் வீணாகச் சுழன்று தேய்வதைத் தவிர்க்க, பல வண்டிகளில் முன்சக்கரங்கள் அச்சிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்கும். இந்த விடுவிப்பு இரண்டு வகைப்படும். முதல் வகையில் ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் பூட்டும் ஹப் இருக்கும். இதைக் கையால் திருகலாம்; சில வண்டிகளில் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது வகையில் முன் டிஃபரன்ஷியலுக்கு அருகில் ஒரு பக்க அச்சு துண்டிக்கப்பட்டிருக்கும். அதை மின்மோட்டாரோ வெற்றிடத்தால் இயங்கும் உறுப்போ இணைக்கும். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948இல் தொடங்கிய நிறுவனம், ஜீப்புகளுக்கான பூட்டும் ஹப்புகளால் பெயர் பெற்றது.

ஆகவே நான்கு சக்கர இயக்கம் முழுமையடைய இரண்டு பூட்டுகள் விழ வேண்டும்: ஒன்று டிரான்ஸ்ஃபர் கேஸில், மற்றொன்று முன் அச்சில் அல்லது ஹப்பில். எந்தப் பூட்டு விழவில்லை என்று அறிவதே பழுது கண்டறிதலின் மையம்.

பழுது போலத் தோன்றுபவை

சில நேரங்களில் வண்டியில் குறை எதுவும் இருக்காது. பின்வருவனவற்றை முதலில் விலக்க வேண்டும்.

தவறான இயக்கமுறை. பெரும்பாலான வண்டிகளில் 4 எல் நிலைக்கு மாற வண்டி முழுதாக நிற்க வேண்டும்; கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும் அல்லது கிளட்ச் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். 4 ஹெச்சுக்கு ஓட்டத்திலேயே மாற இயலும் வண்டிகளிலும் வேக வரம்பு உண்டு. நிபந்தனை நிறைவேறாவிட்டால் மின்னணுக் கட்டுப்பாடு மாற்றத்தை மறுத்துவிடும். வண்டியின் கையேட்டில் இவை தரப்பட்டிருக்கும்.

பல் எதிர்ப்படுதல். ஸ்லீவின் பற்கள் எதிரே உள்ள பற்களின் நுனியில் முட்டி நின்றால் நெம்புகோல் பாதியில் நிற்கும். வலுவாக இழுப்பது தவறு. வண்டியை ஓரிரு அடி முன்னும் பின்னும் நகர்த்தினால் பற்கள் இடம் மாறிப் பொருந்தும்.

கையால் பூட்டும் ஹப்பை மறத்தல். பழைய ஜீப்புகளில் உள்ளே நெம்புகோலை மாற்றிவிட்டு, வெளியே இறங்கி ஹப்புகளைத் திருகாமல் விடுவதுண்டு. இரு பக்க ஹப்புகளும் ஒரே நிலையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

மூலைவிட்டச் சுழற்சி. சேற்றில் ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரமும் மட்டும் சுழன்றால், நான்கு சக்கர இயக்கம் வேலை செய்யவில்லை என்று பலர் முடிவு செய்கின்றனர். உண்மையில் அது வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. சாதாரண டிஃபரன்ஷியல் இருபுறமும் சமமான திருப்புவிசையையே தரும். பிடிப்பற்ற சக்கரம் சிறிய எதிர்ப்பையே தருவதால், மறுபுறச் சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் கிடைக்கும். இதற்குத் தீர்வு டிஃபரன்ஷியல் பூட்டும் நல்ல டயரும்; டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிப்பதால் பயனில்லை.

காட்டி விளக்கு

கருவிப் பலகையில் உள்ள நான்கு சக்கர விளக்கு முதல் தடயம். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

குமிழைத் திருகியும் விளக்கு ஒளிரவே இல்லை என்றால், கட்டளை சென்று சேரவில்லை என்று கருதலாம்: ஃபியூஸ், சுவிட்சு, வயர், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கு தொடர்ந்து சிமிட்டினால், கட்டளை சென்றுவிட்டது, மாற்றம் முடியவில்லை என்பது பொதுவான பொருள். பல் எதிர்ப்பட்டிருக்கலாம், மோட்டார் திணறலாம், முன் அச்சின் பூட்டு விழாமல் இருக்கலாம்.

விளக்கு நிலையாக ஒளிர்ந்தும் முன்சக்கரம் இழுக்காமல் இருப்பதும் உண்டு. சில வண்டிகளில் இந்த விளக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சிறு சுவிட்சோடு மட்டும் இணைந்திருக்கும். முதல் பூட்டு விழுந்தவுடன் அது எரிந்துவிடும். இரண்டாவது பூட்டு விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. இதற்கு மாறாக, அந்தச் சுவிட்சு கெட்டுப்போனால் இயக்கம் சரியாக இணைந்திருந்தும் விளக்கு எரியாது.

மின்சுற்றுச் சோதனை

மின்னணு வகை வண்டிகளில் செலவு குறைந்த சோதனைகள் முதலில் வர வேண்டும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைக் கொண்டு உரிய ஃபியூஸைக் கண்டு பார்க்கலாம். எரிந்த ஃபியூஸுக்கு மாற்றாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே இட வேண்டும். அது மீண்டும் எரிந்தால், பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வாகாது. வயர் எங்கோ உரசி உடலில் படுகிறது என்று பொருள். ரிலேயில் ஐயம் இருந்தால், அதே எண் கொண்ட வேறொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்க்கலாம்.

பேட்டரி வலுவிழந்திருந்தாலும் மாற்றம் நடக்காமல் போகலாம். இன்ஜின் நின்ற நிலையில் முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். அது 12 வோல்ட்டுக்கு அருகில் இறங்கியிருந்தால் முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, வண்டிக்கு அடியில் உள்ள இணைப்பான்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரும் முன் அச்சின் மோட்டாரும் சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் உள்ளன. இணைப்பானைக் கழற்றினால் பச்சை நிறப் படிவு, வளைந்த முனை, உள்ளே தங்கிய நீர் ஆகியவை தெரியலாம். வயல் ஓரத்தில் நிறுத்தப்படும் வண்டிகளில் எலி கடித்த வயரையும் தேட வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, ஒருவர் குமிழைத் திருக, மற்றொருவர் அருகில் நின்று கேட்டால் மோட்டார் ஓடும் ஒலி கேட்கும். மின்சாரம் வந்தும் ஒலி இல்லை என்றால் மோட்டாரில் குறை இருக்கலாம். ஒலி கேட்டும் பூட்டு விழவில்லை என்றால் குறை எந்திரப் பகுதியில் உள்ளது. கட்டுப்பாட்டுப் பெட்டி பதிவு செய்துள்ள பிழைக் குறியீடுகளை ஸ்கேனர் உள்ள பட்டறையில் படிக்கலாம். குறியீடு எந்தச் சுற்றில் குறை என்று சொல்லும். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

வெற்றிடக் குழாய்களும் பிரேக்கும்

சில வண்டிகளில் முன் அச்சின் பூட்டு வெற்றிடத்தால் இயங்குகிறது. டீசல் வண்டிகளில் இதற்கான வெற்றிடத்தை இன்ஜினால் ஓடும் ஒரு பம்ப் உண்டாக்குகிறது. மெல்லிய ரப்பர் குழாய்கள், மின்காந்த வால்வு, ரப்பர் சவ்வு உள்ள இயக்கி ஆகியவை இதன் உறுப்புகள். குழாய் வெடிப்பதும், முனையிலிருந்து நழுவுவதும், வளைவில் நசுங்குவதும் வழக்கமான குறைகள். கைப் பம்ப் கொண்டு இயக்கியின் முனையில் வெற்றிடம் கொடுத்துப் பார்க்கலாம். முள் நிலையாக நிற்க வேண்டும். அது மெதுவாக இறங்கினால் சவ்வு ஓட்டையாகியுள்ளது.

இங்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. இத்தகைய டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கும் இதே பம்ப் வெற்றிடம் தரக்கூடும். நான்கு சக்கர இயக்கம் இணையாததோடு பிரேக் பெடலும் கனமாக இருந்தால், இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். இன்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்தியபடியே இன்ஜினைத் தொடங்கினால், பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சரக்கு ஏற்றிச் செல்லக்கூடாது. மலைச்சாலையில் இறங்கவே கூடாது. பிரேக்கைச் சரிசெய்த பின்னரே மற்றவை.

எந்திரப் பகுதிகள்

நெம்புகோல் வகையில், நெம்புகோலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையே உள்ள கம்பிகளின் புஷ் தேய்ந்தால், நெம்புகோல் முழுத் தூரம் நகர்ந்தும் பெட்டியில் உள்ள கை பாதியே நகரும். கேபிள் வகையில் கேபிள் துருப்பிடித்து இறுகும். ஹப்புகளில் பழைய கிரீஸ் கெட்டியாகி, உள்ளே உள்ள வளையம் நகராமல் நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிரீஸ் இடுவதாலேயே இக்குறை நீங்குவதுண்டு.

வெள்ள நீரில் இறங்கிய வண்டியில் எண்ணெயைப் பார்ப்பது கட்டாயம். சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது, உள்ளே காற்று சுருங்கி, அறுந்த காற்றுக்குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை உறிஞ்சும். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு எந்த எண்ணெய் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றுக்குத் தானியங்கி கியர் பெட்டியின் மெல்லிய எண்ணெயும், சிலவற்றுக்குக் கியர் எண்ணெயும் தேவை.

இயக்கம் இணைந்து, சுமையில் 'டக் டக்' என்று நழுவினால், டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி நீண்டிருக்கலாம் அல்லது பற்கள் தேய்ந்திருக்கலாம். ஸ்லீவை நகர்த்தும் கவை வளைந்திருந்தாலும் பூட்டு நிலைக்காது. பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டிய குறைகள் இவை.

பூட்டைக் கண்டறியும் சோதனை

எந்தப் பூட்டு விழவில்லை என்பதைக் கருவிகள் இன்றியே அறியலாம். சமதளமான மண் தரையில் 4 ஹெச்சைத் தேர்ந்தெடுத்துச் சில மீட்டர் நேராக ஓட்டி, இன்ஜினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

முதலில் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். சிறு அசைவுக்கு மேல் அது திரும்பாவிட்டால், அடுத்த சோதனைக்குச் செல்லலாம். முழுதாகச் சுழன்றால் டிரான்ஸ்ஃபர் கேஸின் பூட்டு விழவில்லை.

பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். இரு பூட்டுகளும் விழுந்திருந்தால் சக்கரம் சுழலாது. ஷாஃப்ட் இறுகியிருந்தும் சக்கரம் எளிதாகச் சுழன்றால், குறை முன் அச்சின் இணைப்பிலோ ஹப்பிலோ உள்ளது. தனித்தனி ஹப்புகள் உள்ள வண்டியில் இரு பக்கமும் சோதிக்க வேண்டும். வெற்றிட வகையில் இன்ஜின் நின்றபின் வெற்றிடம் குறையக்கூடும் என்பதால், கைப் பம்ப் கொண்டு பூட்டைப் பிடித்து வைத்து இச்சோதனையைச் செய்வது நல்லது.

வண்டி ஜாக்கியில் இருக்கும்போது இன்ஜினை ஓட்டி, கியர் போட்டுச் சோதிக்கவே கூடாது. நான்கு சக்கர இயக்கம் இணைந்திருந்தால், தரையில் உள்ள சக்கரங்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் உயிருக்கு ஆபத்தானது. முழுநேர நான்கு சக்கர இயக்கமுடைய கார்களுக்கு இச்சோதனை பொருந்தாது.

தார்ச்சாலையில் சோதிக்கக்கூடாது ஏன்?

திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள பிக்கப் ஒன்றின் பின் அச்சின் நடு, 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால், முன் அச்சின் நடு சுமார் 6.7 மீட்டர் ஆரத்தில் திரும்பும். ஒரு கால்வட்டத் திருப்பத்தில் பின் அச்சு சுமார் 9.4 மீட்டரும் முன் அச்சு சுமார் 10.5 மீட்டரும் கடக்கின்றன. ஆனால் 4 ஹெச்சில் இரு ஷாஃப்ட்டுகளும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுள்ளன. மண்ணில் டயர் சறுக்கி இந்த ஒரு மீட்டர் வேறுபாட்டை ஈடுசெய்யும். காய்ந்த தாரில் சறுக்க முடியாததால், ஷாஃப்ட்டும் சங்கிலியும் கியர்களும் முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி துள்ளும், உறுப்புகள் உடையவும் கூடும்.

4 ஹெச்சிலிருந்து 2 ஹெச்சுக்குத் திரும்ப மறுப்பதற்கும் இந்த முறுக்கே பெரும்பாலும் காரணம். நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளர்ந்து ஸ்லீவ் விடுபடும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு அல்லது தேய்மானமுள்ள டயர்கள் இருந்தால், நேர்ச்சாலையிலேயே முறுக்கு ஏறும். எனவே நான்கு டயர்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறையாவது, ஈரமான அல்லது தளர்ந்த மண் தரையில் 4 ஹெச்சையும் 4 எல்லையும் இணைத்துச் சிறிது தூரம் ஓட்டினால், எண்ணெய் எல்லா இடத்துக்கும் பரவும். மோட்டாரும் ஹப்பும் இறுகாது. திருத்தணி போன்ற வெப்பப் பகுதிகளில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் மாதத்தில் ரப்பர் குழாய்கள், இணைப்பான்கள், காற்றுக்குழாய்கள், எண்ணெய் ஆகியவற்றைப் பார்ப்பது பயன் தரும். வெள்ள நீரைக் கடந்த வண்டியில் டிஃபரன்ஷியல் எண்ணெயை அதே வாரத்தில் சோதிக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்த உதவும். பிரேக்கின் வேலையைச் செய்யாது. ஈரமான மலைச்சாலையில் வண்டி நிற்கும் தூரம் டயரையும் பிரேக்கையும் வேகத்தையும் பொறுத்தது. பாயும் நீரின் ஆழம் தெரியாத தரைப்பாலத்தில், அமைப்பு முழுமையாக இயங்கும் வண்டியும் கடக்கக்கூடாது.